துருவும் வினையும்: செஞ்சி வட்டாரச் சமயங்களின் நோக்கில் ஒரு வண்டித் தளம்

அழியும் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றைக் காப்பதற்கு மனிதன் தன் உழைப்பையும் பொருளையும் செலவிடுவது அறிவுடைமையா, பற்றுடைமையா என்னும் வினா இந்தியச் சமயங்கள் அனைத்திலும் ஏதேனும் ஒரு வடிவில் எழுந்திருக்கிறது. உடம்பைக் குறித்தும் செல்வத்தைக் குறித்தும் அவ்வினா பன்முறை விவாதிக்கப்பட்டுள்ளது. பிழைப்புக்குரிய கருவிகளைக் குறித்து அது அவ்வளவாக எழுப்பப்பட்டதில்லை. ஆயினும் அவ்வினாவின் வலிமையைச் சோதித்துப் பார்க்கக் கருவியே தக்க இடமாகும். கருவியைத் துறந்து வாழ இல்லறத்தானுக்கு இயலாது. அதைப் பூட்டிவைத்துப் போற்றவும் இயலாது. பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் அது தேய்ந்துகொண்டே இருக்கும். செஞ்சி வட்டாரத்தில் ஓடும் சிறு சரக்கு வண்டி ஒன்றின் இரும்புத் தளத்தை நீரிலிருந்தும் துருவிலிருந்தும் காக்கும் வேலையை எடுத்துக்கொண்டு, அவ்வட்டாரத்தில் வேரூன்றிய சமண, சைவ மெய்யியல்கள் அவ்வேலைக்கு என்ன பொருள் தருகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தளத்தில் நீர் செய்யும் வேலை

செஞ்சி என்றதும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதில்களால் இணைத்து நிற்கும் கோட்டையே எவருக்கும் நினைவில் எழும். மராத்தியர் படைத்தளங்களின் தொகுதியில் ஒன்றாக 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் அது இடம்பெற்றது. கோட்டைக்கு வெளியேயுள்ள ஊரோ நெல்லாலும் அதைச் சுமக்கும் வண்டிகளாலும் வாழ்கிறது. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டைகள் வருவதும், மரக்காணம் கடற்கரையிலிருந்து மீனும் உப்பும் உள்நாட்டுக்குப் போவதும், அமாவாசைதோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு மக்கள் திரள்வதும் வண்டிகளை நம்பியே நடக்கின்றன. இவற்றுள் ‘குட்டி யானை’ என்று மக்கள் வழங்கும் சிறு சரக்கு வண்டிகளும், பின்புறம் அடைத்த வேன்களும் மிகுதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று இவ்வண்டிகளுக்குச் சோதனைக் காலமாகும். 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது இதே விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்ததை நினைத்தால், நீர் இங்கே எத்தகைய ஆற்றலோடு வரும் என்பது விளங்கும்.

ஆயினும் வண்டியின் தளத்தை அழிப்பது பெருமழை அன்று. பெருமழையின் நீர் வழிந்து ஓடிவிடும். தங்கிவிடும் சிறு ஈரமே தகட்டைத் தின்கிறது. இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஒருங்கே வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிடினும் துரு தோன்றாது. தகட்டின்மேல் படிந்த மெல்லிய ஈரப்படலத்தின் கீழ் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே வேறோரிடம் சென்று நீரோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிகின்றன. இவ்விரு நிகழ்வுகளும் கூடி விளைவிப்பதே நீரேறிய இரும்பு ஆக்சைடாகிய துரு. உப்பு கலந்த நீரில் மின்னோட்டம் எளிதாகப் பாய்வதால், மீன்பெட்டியிலிருந்து கசியும் பனிக்கட்டி நீர் ஓரிரவில் செய்யும் கேட்டை நல்ல மழைநீர் பல நாளிலும் செய்வதில்லை.

மழைக்காலம் முடிந்தபின் அத்தகைய வண்டி ஒன்றின் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தால், காலடியும் மூட்டையும் உராய்ந்து மழமழப்பாகிய நடுப்பகுதி நல்ல நிலையில் இருக்கும். பக்கச் சுவரும் தளமும் கூடும் மூலையிலும், இரண்டு தகடுகளைப் பற்றவைத்த இடுக்கிலும், போல்ட்டுத் தலையைச் சுற்றியும் காவி நிற வளையங்கள் தெரியும். அங்கே வண்ணப்பூச்சு கொப்புளங்களாக எழும்பியிருக்கும். விரலால் அழுத்தினால் அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியில் ஈரம் காயாத செம்பொடி கையில் ஒட்டும். நீர் வடிவதற்கென்று தகட்டில் இடப்பட்ட துளைகளை வைக்கோல் துணுக்கும் உமியும் மணலும் சேர்ந்து அடைத்திருக்கும். தளத்தைக் காப்பதற்கென்று விரித்த மேட்டே ஈரத்தை உள்ளே நிறுத்திவைத்து, காற்று எளிதில் புகாத இடுக்கில் அரிப்பு இன்னும் விரைவாக நடக்க வழிசெய்துவிடுகிறது.

துருவின் இயல்பில் மற்றொன்றும் கருதத்தக்கது. அலுமினியத்தின்மேல் உண்டாகும் ஆக்சைடுப் படலம் இறுக்கமாகப் படிந்து உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ நுண்துளைகள் நிறைந்தது. தான் தின்ற இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைப்பது. ஆகவே அது பூச்சைத் தூக்கிப் பிளக்கிறது. பிளவில் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அந்நீரால் மேலும் துரு விளைகிறது. துருவே துருவுக்கு விளைநிலமாகும் இவ்வியல்புதான் இதனை மெய்யியலுக்கு உரிய பொருளாக்குகிறது.

ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு

தமிழ்ச் சமணத்தின் நெஞ்சகமாகச் செஞ்சி வட்டாரத்தைச் சொல்வது மிகையாகாது. செஞ்சியை அடுத்துள்ள திருநாதர்குன்றில் ஒரு பெரும்பாறையின் முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்களும் இரண்டு வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமாகிய ஜினகாஞ்சி மடம் இன்றும் இயங்கிவருகிறது. நயினார் என்னும் பட்டப்பெயரோடு உழவுத்தொழில் செய்து வாழும் சமணக் குடும்பங்கள் சுற்றியுள்ள ஊர்களில் பல நூற்றாண்டுகளாக இருந்துவருகின்றன. உழவரும் வணிகரும் பின்பற்றிய சமயமாதலின், அதன் மெய்யியல் ஏட்டில் மட்டும் தங்கிவிடாமல், களத்திலும் களஞ்சியத்திலும் நடக்கும் வேலைகளைத் தொட்டே வளர்ந்தது.

சமணக் கோட்பாட்டில் வினை என்பது செயலின் விளைவு மட்டுமன்று. மிக நுண்ணிய ஒரு பருப்பொருள். மனம், மொழி, மெய் ஆகியவற்றின் அசைவால் அந்நுண்பொருள் உயிரை நோக்கி வருவதைத் தமிழ்ச் சமண நூல்கள் ஊற்று என்கின்றன. வந்த வினை, சினம், செருக்கு, வஞ்சனை, பேராசை ஆகிய நான்கு கசாயங்களால் (உயிரைப் பசைபோல் ஈரமாக்கும் உணர்ச்சிகளால்) உயிரோடு ஒட்டிக்கொள்வது கட்டு. உலர்ந்த சுவரில் பட்ட தூசி விழுந்துவிடும், ஈரச் சுவரில் பட்டது ஒட்டிக்கொள்ளும் என்று இதனை விளக்குவது அம்மரபின் வழக்கம். புதிய வினை வரும் வாயில்களை அடைப்பது செறிப்பு. முன்பே ஒட்டிய வினையைத் தவத்தால் நீக்குவது உதிர்ப்பு. இரண்டும் முற்றுப்பெற்ற நிலை வீடு. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கும் ஏழு மெய்ப்பொருள்களில் உயிரும் உயிரல்லதும் போக எஞ்சியவை இவை ஐந்துமே. ஓட்டை விழுந்த ஓடத்துக்குள் நீர் புகுவதும், ஓட்டையை அடைப்பதும், புகுந்த நீரை இறைப்பதும் ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு ஆகியவற்றுக்குரிய மரபுவழி உவமையாகும்.

வண்டித் தளத்தின் பராமரிப்பு இதே ஒழுங்கைக் கோருகிறது என்பது தற்செயல் ஒற்றுமையாகத் தோன்றலாம். ஆனால் இரண்டும் ஒரே வகைச் சிக்கலுக்கான விடைகள்: வெளியிலிருந்து வருவது உள்ளிருப்பதோடு ஒட்டி, ஒட்டியதே மேலும் வருவதற்கு வழி திறக்கும் நிலையில், எதை முதலில் செய்வது என்பதே அச்சிக்கல். சமணக் கோட்பாட்டின்படி, கட்டுண்ட வினை பயன்தர எழும்போது சினம் முதலிய உணர்ச்சிகளைக் கிளறுகிறது. அவ்வுணர்ச்சிகளின் ஈரத்தில் புதிய வினை ஒட்டுகிறது. ஆகவே பழைய வினையை உதிர்ப்பது மட்டும் போதாது, புதியதன் வாயிலையும் அடைத்தாக வேண்டும். பட்டறையிலும் இவ்வாறே. கதவின் ரப்பர்ப் பட்டை கிழிந்து மழைநீர் உள்ளே கசியும்வரை, வடிதுளை அடைத்துக் கிடக்கும்வரை, தளத்தை எத்தனைமுறை சுரண்டி வண்ணம் பூசினாலும் அடுத்த ஐப்பசியில் கொப்புளம் மீண்டும் எழும். முதலில் கசிவை அடைத்து, துளைகளைத் திறந்து, நீர் தங்காமல் வடியச் செய்வது செறிப்பு. அடுத்து, கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் பழைய துருவை இரும்பின் நிறம் தெரியும்வரை தேய்த்து, துடைத்து, வெயிலில் உலரவிடுவது உதிர்ப்பு. அதன் பிறகே ரெட் ஆக்சைடு பிரைமரும் மேற்பூச்சும் பொருளுடையவை ஆகின்றன.

இவ்வரிசையை மாற்றினால் நேர்வதும் மெய்யியல் ஆராய்ச்சிக்குரியதே. துருவை நீக்காமல் அதன்மேல் வண்ணம் பூசினால் தளம் சில வாரங்கள் புதிதுபோல் தோன்றும். உள்ளே அரிப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். தெரியவரும்போது தகட்டில் ஓட்டை விழுந்திருக்கும். சரக்கு வண்டிகளுக்குத் தகுதிச் சான்று பெறும் நாள் வரும்போது, அதாவது மக்கள் வழக்கில் ‘எஃப்.சி. காட்டும்’போது, பட்டியும் பூச்சும் கொண்டு தளத்தை மறைத்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. எட்டு ஆண்டு வரையுள்ள வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதற்கு மேற்பட்ட வண்டிக்கு ஆண்டுதோறும் இச்சான்று புதுப்பிக்கப்பட வேண்டும் என்னும் விதி, வண்டி தரும் ஆபத்தைக் குறைப்பதற்கே ஏற்பட்டது. அதை மறைப்பின் தருணமாக்குவது, வஞ்சனை என்று சமணம் பெயரிட்ட கசாயத்துக்கு இரும்பில் எழுதிய எடுத்துக்காட்டாகும். அங்கே மறைக்கப்படும் குற்றம் மறைப்பதாலேயே வளர்கிறது.

சோர்வும் அயராமையும்

உயிர் கட்டுண்பதற்குரிய காரணங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தைச் சொல்கிறது: பொய்க்காட்சி, விரதமின்மை, பிரமாதம், கசாயம், மனமொழிமெய்களின் இயக்கம். இவற்றுள் பிரமாதம் என்பது சோர்வு. செய்யத்தக்கது இன்னதென்று தெரிந்திருந்தும் கவனம் தளர்ந்து அதனை விட்டுவிடுதல். கொலை, பொய், களவு போன்ற வெளிப்படையான தீமைகளோடு நிறுத்தாமல், வெறும் கவனக்குறைவையும் கட்டுக்குரிய தனிக் காரணமாக எண்ணியது இம்மரபின் தனிச்சிறப்பு. துறவியர் நடக்கும்போது தரையைப் பார்த்து நடப்பதும், ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் சிற்றுயிர் நசுங்காதபடி பார்ப்பதும் இக்கருத்தின் நடைமுறை வடிவங்கள்.

தளத்தின் துரு ஏறக்குறைய முழுவதும் சோர்வின் விளைவு. எவரும் தம் வண்டியின் தளம் அரிக்கப்பட வேண்டும் என்று விரும்புவதில்லை. மாலையில் இறக்கிய மீன்பெட்டியின் நீரை இரவே கழுவிவிடாமல் காலைக்குத் தள்ளிவைப்பதும், கழுவியபின் உலர விடாமல் மேட்டை விரிப்பதும், கொப்புளம் சிறிதாக இருக்கும்போது பார்த்தும் பாராமல் விடுவதுமே அதை விளைவிக்கின்றன. இச்சோர்வின் கேடு உடையவனோடு நிற்பதும் இல்லை. அரித்துப்போன தகட்டில் நெல் மூட்டையோடு ஏறிய சுமைதூக்கும் தொழிலாளியின் கால் உள்ளே போகலாம். கூர்விளிம்பு அவர் காலைக் கிழிக்கலாம். அடைத்த வேனில் தளத்து ஓட்டை வழியாகப் புகைக்குழாயின் நச்சுப்புகை உள்ளே ஏறலாம். உழவர் ஒரு பருவம் முழுதும் உழைத்து விளைவித்த நெல் அடியிலிருந்து தெறிக்கும் சேற்றுநீரில் நனைந்து விலை குறையலாம். கொல்லாமை என்னும் அறம் கையை அடக்குவதோடு முடிந்துவிடாது, பிறருக்கு ஊறு நேரக்கூடிய இடத்தைத் தேடிச்சென்று சரிசெய்வதையும் கோரும் என்று கொண்டால், வடிதுளையை ஒரு கம்பியால் குத்தித் திறப்பதும் கொல்லாமையின் ஒரு கூறே ஆகும்.

பற்றும் பேணலும்

இதற்கு எதிராக வலுவான மறுப்பு ஒன்று அதே மரபிலிருந்தே எழக்கூடும். சமணம் பொருள் வைத்திராமையை ஐம்பெரும் விரதங்களுள் ஒன்றாக வைத்த சமயம். அதன் திகம்பரப் பிரிவில் முனிவர் உடையையும் துறந்தவர். அத்தகைய சமயம் வண்டியைப் பேணுவதை அறம் என்று சொல்லுமா? மேலும், 12ஆம் நூற்றாண்டில் குசராத்தில் வாழ்ந்த சுவேதாம்பர ஆசாரியர் ஹேமசந்திரர் தம் யோகசாத்திரத்தில் இல்லறத்தார் தவிர்க்கத்தக்கனவாக எண்ணும் பதினைந்து தொழில்களில், வண்டி செய்து ஓட்டுவதும், வண்டியையும் விலங்கையும் வாடகைக்கு விட்டுப் பாரம் ஏற்றுவதும் இடம்பெறுகின்றன. பாரவண்டியைப் பேணுவதற்கு முன்பு, அதை வைத்திருப்பதே கேள்விக்குரியது என்பது இம்மறுப்பின் சாரம்.

மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அப்பட்டியல் வண்டித்தொழிலை விலக்கியதற்குரிய காரணம், பாரம் இழுக்கும் மாட்டின் துன்பமும் சக்கரத்தின் கீழ் நசுங்கும் உயிர்களும் ஆகும். அளவுகோல் ஊறு, பொருள் அன்று. அதே அளவுகோலைக் கொண்டு இன்றைய வண்டியை அளந்தால், மாடு இழுக்காத வண்டியிலும் பழுதான தளத்தால் வரும் ஊறும், பராமரிப்பு முறையால் வரும் ஊறும் எஞ்சி நிற்கின்றன. தளத்தின் அடிப்பக்கத்தில் துருவைத் தடுக்கப் பழைய என்ஜின் ஆயிலைப் பூசும் வழக்கம் இங்குக் கருதத்தக்கது. அது இரும்பைச் சில மாதங்கள் காக்கும். ஆனால் மழையில் சொட்டிச் சொட்டி வயலோர மண்ணிலும் ஏரி நீரிலும் கலந்து, எண்ணற்ற சிற்றுயிர்களுக்கு நஞ்சாகும். தன் இரும்பைக் காக்கப் பிறர் நீரைக் கெடுப்பது செறிப்பு ஆகாது. ஒரு வாயிலை அடைத்து மற்றொன்றைத் திறப்பதாகவே முடியும். அதற்கென்று தயாரிக்கப்பட்டு உலர்ந்து இறுகும் அடிப்பூச்சைப் பயன்படுத்துவது செலவு கூடியதாயினும் அறத்துக்கு இசைந்தது.

பொருள் வைத்திராமை இல்லறத்தானுக்கு அளவுபடுத்தப்பட்ட வடிவில் வருகிறது. அவன் ஏற்பது அணுவிரதம், அதாவது பெருவிரதத்தின் சிறுவடிவம். தன் உடைமைக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டு அதற்குமேல் சேர்க்காதிருத்தல் அதன் பொருள். எல்லை வகுத்தவனுக்கு உள்ளதை நன்கு பேணுவது தவிர்க்க முடியாத கடமையாகிவிடுகிறது, ஏனெனில் பேணாமல் கெடுத்தவன் விரைவில் புதியதைத் தேட வேண்டியவனாவான். ஒவ்வொரு புதிய தகட்டுக்கும் பின்னால் அகழ்ந்த மலையும் எரித்த கரியும் உண்டு. பொருளைப் பேணாமல் அழியவிடுவது துறவுபோல் தோன்றினும், பெரும்பாலும் அது அடுத்த பொருளின் மீதுள்ள ஆசைக்கு முன்னுரையாகவே அமைகிறது. ஆகவே பேணுதல் பற்றுக்கு எதிரிடையான ஒழுக்கமாகவும் இருக்கக்கூடும் என்பது தெளிவு.

செம்பும் களிம்பும்

செஞ்சி அமைந்துள்ள அதே விழுப்புரம் மாவட்டத்தின் தென்பகுதியில் திருவெண்ணெய்நல்லூர் உள்ளது. 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த நூலாகிய சிவஞானபோதத்தை அருளிய மெய்கண்டாரோடு இணைந்த தலம் அது. அவருடைய மாணவர் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரின் பரபக்கத்தில் சமணக் கோட்பாட்டை நேரடியாக மறுத்தார். சைவ சித்தாந்தம் உயிரின் முதல் மாசாகிய ஆணவத்துக்கு, அதாவது உயிரின் அறிவை மறைத்துச் சிறுமைப்படுத்தும் ஆற்றலுக்கு, செம்பில் களிம்பை உவமையாகக் கூறுகிறது. செம்பு தோன்றியபோதே களிம்பும் உடன் இருப்பதுபோல, ஆணவம் இடையில் வந்து ஒட்டியது ஆகாது, தொடக்கமின்றி உயிரோடு உள்ளது என்பது அதன் கருத்து. பௌத்தத்தின் தம்மபதமும் மாசினைப் பற்றிய தன் பதினெட்டாம் பிரிவில், இரும்பில் பிறந்த துரு இரும்பையே தின்பதுபோல் ஒருவன் செய்த தீச்செயல் அவனையே அழிக்கும் என்று கற்பிக்கிறது. உலோகத்தின் மாசு மூன்று சமயங்களுக்கும் பொதுவான சிந்தனைக் களமாக இருந்திருக்கிறது.

வேறுபாடு மாசு நீங்கும் முறையில் உள்ளது. சமணத்தின்படி வினையை உயிர் தன் முயற்சியாலேயே முற்றிலும் உதிர்க்கிறது. உதவும் கடவுள் என்று ஒருவர் அங்கே தேவைப்படவில்லை. சித்தாந்தத்தின்படி ஆணவம் என்றும் அழிவதில்லை. இறைவனுடைய அருள் படியும்போது அதன் சத்தி மடங்கிப்போகிறது. வீடுபெற்ற நிலையிலும் அது செயலற்றதாக இருக்கவே செய்கிறது. இவ்விரு நிலைகளையும் வெறும் சொற்போர் என்று கருதுவோருக்கு, டிங்கரிங் பட்டறையில் துருவை எதிர்கொள்ளும் இரண்டு முறைகளும் ஒரு விளக்கம் தரக்கூடும். முதல் முறையில் துரு முழுவதும் தேய்த்து நீக்கப்படுகிறது. கை புகாத இடுக்குகளில் அது இயலாதபோது, பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டரைப் பூசுகின்றனர். அது துருவோடு வினைபுரிந்து அதை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிவிடுகிறது. துரு இருந்த இடத்திலேயே அதன் எச்சம் இருக்கும். ஆனால் அதற்கு இரும்பைத் தின்னும் வலிமை இராது. முன்னது சமணர் சொல்லும் உதிர்ப்பை ஒக்கும். பின்னது மாசின் சத்தி மடங்குதலை ஒக்கும். வெளியிலிருந்து வந்து தொடும் ஒன்றின் துணையின்றி அது நிகழ்வதில்லை என்பதும் சித்தாந்தத்தின் அருட்கொள்கைக்கு இசைந்தே நிற்கிறது. தேர்ந்த பட்டறைக்காரர் இரண்டையும் கையாள்வார்: கை எட்டும்வரை தேய்ப்பார், எட்டாத இடத்தில் மருந்திடுவார். முயற்சியின் எல்லையில் அருள் தொடங்குகிறது என்று கருதும் அடியவருக்கும், எல்லை என்று நினைத்த இடத்துக்கு அப்பாலும் முயற்சி செல்லும் என்று கருதும் நோன்பிக்கும் இங்கே ஒருங்கே இடம் உண்டு.

ஆயுத பூசையை இந்த ஒளியில் காண்பது பயன் தரும். நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் செஞ்சிக் கடைத்தெருவெங்கும் வண்டிகள் கழுவப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்பட்டு, மாலை சூட்டப்பட்டு, பூசணிக்காய் உடைக்கப்பட்டு, எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரம் ஏற்றி நகர்த்தப்படுகின்றன. பிழைப்பளிக்கும் கருவியில் தெய்வத்தைக் காணும் இந்நாள், தமிழர் வாழ்வில் உழைப்புக்கு அளிக்கப்படும் உயர்ந்த மதிப்புகளுள் ஒன்று. ஆயினும் பூசைக்குக் கழுவிய நீர் காயும் முன்பே மேட்டை விரித்துவிட்டால், அந்நாளின் நீரே தளத்துக்குப் பகையாகிவிடும். வழிபாட்டின் பொருள் போற்றுதல் என்றால், கழுவிய தளத்தை உலரவைத்து, மூலைகளைத் துடைத்து, துளைகளைத் திறந்துவிடும் அரைமணி நேரத்தையும் பூசையின் ஓர் அங்கமாகவே கொள்ள வேண்டும். மழைக்காலம் தொடங்கும் வாயிலில் இப்பண்டிகை வருவது, ஆண்டுக்கொருமுறை தளத்தைச் சோதித்துச் செப்பனிடுவதற்கு மிகப் பொருத்தமான நாளாகவும் அதை ஆக்குகிறது.

கல்லைத் தேர்ந்த அரசனும் துருவேறாத தூணும்

அழிவைத் தடுக்கும் முயற்சிக்குப் பதிலாக, அழியும் பொருளையே விலக்கிவிடுவது மற்றொரு வழி. செஞ்சிக்கு அருகிலுள்ள மண்டகப்பட்டில், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விசித்திரசித்தன் என்னும் பட்டம் பூண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன், அயன், அரன், அரி மூவருக்கும் ஒரு குடைவரை எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றி அது அமைக்கப்பட்டதை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமிதத்தோடு தெரிவிக்கிறது. செங்கல் கரையும், மரம் உளுக்கும், உலோகம் துருப்பிடிக்கும், சுண்ணாம்பு உதிரும். கல் நிற்கும் என்பது அந்த அரசனின் தேர்வாக இருந்திருக்கலாம். தெய்வத்தின் இருப்பிடத்துக்கு அத்தேர்வு தகும். நெல்லையும் மீனையும் சுமந்து ஓட வேண்டிய வண்டிக்கு அது தகாது. அசைவதற்குப் பயன்படுவது எதுவும் அழிவுக்கு உட்பட்டே ஆகவேண்டும்.

தில்லியின் இரும்புத்தூண் இதற்கு மாறான சான்றாக எடுத்துக்காட்டப்படும். ஏழு மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அத்தூண் சுமார் 1600 ஆண்டுகளாகத் திறந்தவெளியில் பெரிதும் துருவேறாமல் நிற்கிறது. அதன் இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரசின் விளைவாக மேற்பரப்பில் மெல்லிய பாஸ்பேட் படலம் ஒன்று உருவாகிக் காத்துவருவதைக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் தம் ஆய்வுகளில் விளக்கினார். நனைதலும் உலர்தலும் மாறிமாறி நிகழ அப்படலம் மெல்ல மெல்ல இறுகியது; ஆக, ஈரத்தையே காணாத இரும்புக்கு அக்காப்பு வாய்க்காது. ஆயினும் அத்தூணும் அழியாதது ஆகாது. அதன் அழிவு மிகமிக மெதுவானது, அவ்வளவே. இரும்பு இயற்கையில் பெரும்பாலும் ஆக்சைடுக் கனிமமாகவே மண்ணில் கிடக்கிறது. உலையின் வெப்பத்தால் மனிதன் அதனைப் பிரித்தெடுக்கிறான். துருப்பிடித்தல் என்பது அது தன் பழைய நிலைக்குத் திரும்பும் பயணம். உயிரைப் பற்றிய சமண உவமை இங்கே முறிந்துவிடுகிறது. உயிரின் இயல்பு தூய்மையென்றும், மாசு அதற்கு அயலானதென்றும் சமணம் கூறும். இரும்பின் இயல்போ மண்ணோடு கலந்திருத்தல். உயிர் ஒருமுறை முழுதும் தூயதானால் மீண்டும் மாசுறாது. இரும்பு எத்தனைமுறை தூயதாக்கப்பட்டாலும் அடுத்த மழைக்கு ஆட்பட்டதே.

எதுவரை காப்பது

இவ்வாறு உவமை முறியும் இடத்தில்தான் முதல் வினா முழு வலிமையோடு திரும்ப எழுகிறது: வெற்றிபெற முடியாது என்று தெரிந்த காப்பு முயற்சிக்குப் பொருள் என்ன? இதற்குச் சமண மரபு ஆழ்ந்த விடை ஒன்றை வைத்துள்ளது. திருநாதர்குன்றில் தீர்த்தங்கரர் உருவங்களுக்கு அருகில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரின் நினைவைச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டு உள்ளது. சல்லேகனை எனப்படும் அந்நோன்பு, தற்கொலையிலிருந்து அம்மரபால் கண்டிப்பாக வேறுபடுத்தப்படுகிறது. விலக்க முடியாத இடையூறு, பஞ்சம், முதுமை, தீராநோய் ஆகியவை வந்து, உடம்பைக் கொண்டு அறம் செய்ய இயலாத நிலை ஏற்பட்டபின்பே அது மேற்கொள்ளத்தக்கது என்று சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக நூல் வரையறுக்கிறது. தமிழ்ச் சமணரின் அருங்கலச்செப்பு அந்நூலின் வழிவந்தது.

தத்துவார்த்த சூத்திரத்துக்கு உரைகண்ட பூச்சியபாதர், இந்நோன்பை விளக்க ஒரு வணிகனின் சரக்கறையைக் காட்டுகிறார். பலவகைப் பண்டங்களைச் சேர்த்துவைத்த வணிகன் தன் சரக்கறை அழிவதை விரும்பமாட்டான். அதற்குக் கேடு வந்தால் தன்னால் இயன்றவரை தடுப்பான். தடுக்க இயலாது என்று கண்டபின் கட்டடத்தை விட்டுப் பண்டங்களைக் காக்க முற்படுவான். உடம்பு சரக்கறை, விரதமும் ஒழுக்கமும் பண்டங்கள். இவ்வுவமையில் உடம்பைப் பேணுதலும் உடம்பை விடுதலும் ஒரே அறத்தின் இரு பகுதிகளாகின்றன. முன்னதை ஒழுங்காகச் செய்தவனுக்கே பின்னது உரியது; நல்ல நிலையிலுள்ள சரக்கறையைக் கைவிடுபவன் துறவி ஆகமாட்டான், அழிந்த சரக்கறைக்குள் நின்று அழுபவனும் காவலன் ஆகமாட்டான்.

வண்டியின் தளத்துக்கு இவ்வுவமை நேராகவே பொருந்துகிறது. தளம் தன்பொருட்டு உள்ளதன்று. அதன்மேல் ஏறும் நெல்லுக்காகவும் அதில் கால்வைத்து நிற்கும் மனிதருக்காகவும் உள்ளது. அவற்றைத் தாங்கும் வலிமை இருக்கும்வரை அதைக் கழுவி, உலர்த்தி, துரு கண்ட இடத்தை அன்றே தேய்த்துப் பூசிக் காப்பது கடமை. அடிப்பட்டைகள் அரித்துப்போய், பற்றவைக்கவும் பிடிமானம் இல்லாத நிலை வந்தபின், மேலே புதுத் தகட்டைப் போர்த்தி இன்னும் ஓராண்டு ஓட்ட முனைவது பேணுதலின் எல்லை கடந்து பற்றாகிவிடுகிறது. அப்போது அத்தளத்தை வெட்டியெடுத்துப் புதியதைப் பொருத்துவதோ வண்டியையே விட்டுவிடுவதோ அறத்துக்கு உகந்தது. காப்பதற்கும் விடுவதற்கும் அளவுகோல் ஒன்றே: அது சுமப்பவற்றுக்கு ஊறு விளையுமா, விளையாதா என்பது.

அழியும் பொருளைக் காப்பது பற்றுடைமையா என்னும் வினாவுக்கு இதுவே விடையாக அமையலாம். அழியாமல் இருக்கவேண்டும் என்னும் எண்ணத்தோடு காப்பது பற்று. இருக்கும்வரை எவரையும் கெடுக்காமல் இருக்கவேண்டும் என்னும் எண்ணத்தோடு காப்பது அறம். இரும்புக்கு வீடுபேறு கிடையாது. ஒருநாள் அது பழைய இரும்புக் கடைக்குப் போய், உலையேறி வேறொரு தகடாகித் திரும்பவும் மழையில் நனையும். ஆனால் அதைப் பேணிய ஆண்டுகளில் எவர் நெல்லும் நனையவில்லை, எவர் காலும் கிழியவில்லை என்பதும், நாள்தோறும் தளத்தைத் துடைத்த கையின் வழியே உள்ளத்தில் படிந்த அயராமையும் துருவுக்கு ஆட்படுவன அல்ல. செஞ்சியின் சமணரும் சைவரும் பல நூற்றாண்டு வழக்காடினும், உயிரோடு நிலைத்து வரக்கூடியது பொருளன்று, பொருளைக் கையாண்ட ஒழுக்கமே என்பதில் இருவரும் உடன்பட்டனர். சரக்கு வண்டி ஓட்டி வாழ்பவருக்கு அவ்வொழுக்கத்தைப் பயிலும் இடம் அவர் காலடியிலேயே கிடைத்திருக்கிறது.